நாற்பத்தோராவது பார்

எண்ணுவதுதான் எனக்கு வேலை.
பகலில் துறைமுகத்தில் பெட்டி எண்ணுகிறேன்,
கிரேன் இறக்க இறக்க
அட்டையில் கோடு கிழித்து.
தவக்காலத்துச் சனிக்கிழமைகளில்
ராயபுரத்துக் கோயில் கூடத்தில்
பார் எண்ணுகிறேன்.

நீங்கள் நினைக்கிற பார் இல்லை.
இசைத்தாளில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நாலு தட்டு,
அவ்வளவுதான்.
கெட்டில் டிரம்காரனுக்கு அதிலும்
சும்மா இருக்கும் பார்களே அதிகம்.
இருநூற்றுப் பன்னிரண்டு பார் கைகட்டி உட்கார்ந்து
அடுத்ததில் தேவாலயத்துத் திரை கிழிய வேண்டும்
பூமி அதிர வேண்டும்
என் இரண்டு கைகளால்.

"தாளைப் பாரு, என்னைப் பாரு, பாரை விட்டுடாதே"
என்பார் ஞானதிரவியம் சார்,
ஐ.சி.எஃப்பில் வெல்டிங் பார்த்து ஓய்வு பெற்றவர்.
கோலை அவர் பிடிப்பதே
பொறி பறக்கப்போகிறது என்பதுபோல் இருக்கும்.

இந்த வருஷம் டெனர் மூன்று பேர்.
அதில் ஒருவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.
ஓபோவுக்கு ஆள் இல்லை;
மண்ணடி கல்யாண பேண்டிலிருந்து ஏகாம்பரம்
சிவப்புச் சீருடையிலேயே வந்து
கிளாரினெட்டில் சமாளிக்கிறார்.
ஒன்பது மணிக்கு அவருக்கு மாப்பிள்ளை அழைப்பு.
பெரம்பூர் ரயில்வே காலனியில் மிச்சமிருக்கும் மாவ்ரீன்
கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டாள்,
எல்லாம் மனப்பாடம்.
செல்லோ வழுக்காமலிருக்க
அதன் முள்ளுக்கடியில் ரப்பர் செருப்புத் துண்டு.

வெளியே எண்ணூர் போகும் லாரி வரிசை
நகராமல் ஆரன் அடிக்கிறது,
கிட்டத்தட்ட எங்கள் சுருதியில்.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

ஜனம் கத்தும் இடம் வந்தது.
கோரஸ் மொத்தமும் இப்போது எருசலேம் கூட்டம்,
சிலுவையில் அறையும் என்று
நாலு குரலாகப் பிரிந்து கேட்க வேண்டும்.

ஆல்ட்டோ இரண்டாம் வரிசை, தூணோரம், ஸ்கொலாஸ்டிகா.
அவள் தம்பி கஸ்பார்
பெட்டிகளுக்குக் கம்பி கட்டும் லாஷிங் ஆள்.
தை மாசம், நைட் ஷிப்ட்,
நாற்பத்தோராவது பெட்டி
கொக்கியை விட்டு இறங்கியது.
அட்டையில் என் கோடு
பாதியில் நிற்கிறது இன்னும்.

புத்தகத்தை உயர்த்திப் பிடித்திருந்தாள்.
பக்கமும் சரியாகத்தான் திருப்பினாள்.
முன்னால் கேட்டார்கள், பின்னால் கேட்டார்கள்
அறையும் அறையும் என்று.
அவள் வாய் திறக்கவில்லை.

நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்று.

அப்புறம் எத்தனை போனது தெரியாது.
யாரோ தனியாகப் பாடினார்கள்.
வயலின்கள் படிப்படியாய் இறங்கின.
சாரின் இடது கை என் பக்கம் நீண்டதாம்,
நான் பார்க்கவில்லை.
திரை கிழிய வேண்டிய இடத்தில்
ஃபேன் சத்தம் மட்டும்.
கடைசி பெஞ்சில் ஒரு குழந்தை தும்மியது.
பிறகுதான் அடித்தேன்,
ஒரு பார் தாமதமோ, இரண்டோ.
வார்தா புயலில் நனைந்து ஒட்டுப்போட்ட தோல் என்பதையும் மறந்து
எழுதியிருந்ததைவிட நெடுநேரம் அடித்தேன்.

முடிந்ததும் திட்டு விழுந்தது. நியாயமான திட்டு.
"முப்பது வருஷத்துல பூமி லேட்டா அதிர்ந்தது
இதான்பா மொத தடவ."
ஏகாம்பரம் அதற்குள் ஓடிவிட்டார்.
தட்டில் வெஜிடபிள் பப்ஸ், தவக்காலமாச்சே.
ஸ்கொலாஸ்டிகா ஒரு டீயை என் கையில் வைத்தாள்.
"நாப்பத்தொண்ணுல நின்னுட்ட, இல்ல?"
நான் பப்ஸைப் பிட்டுக்கொண்டிருந்தேன்.
"நானுந்தான்" என்றாள்.

டிரம் இரண்டையும் போர்வை சுற்றி
காசிமேட்டு மீன் டெம்போவில் ஏற்றினேன்,
கரைந்த ஐஸ் தண்ணீர் மேல் சாக்கு விரித்து.
கல்மண்டபம் தாண்டியதும் ஜாம்.
பக்கத்தில் பெட்டியோடு ஒரு டிரெய்லர்
உறுமிக்கொண்டு நின்றது.
போர்வைக்குள் தோல் தானாக முனக ஆரம்பித்தது,
யாரும் தொடாமல், தணிந்த சுருதியில்.

"எவ்ளோ நேரமா நிக்கிறோம்ணா?" என்றான் டிரைவர்.
எண்ணலப்பா, என்றேன்.