பதினைந்து ஆம்பியர்

பன்னிரண்டு வோல்ட்டு என்ன பண்ணும்,
நாக்குல வச்சாலும் கூசாது என்றார் தேசிங்கு.
முதுநகர் மணிக்கூண்டுக்குப் பின்னால்
லாரிக்கும் டிராக்டருக்கும் ஒயரிங் செய்துகொண்டிருந்த என்னை
சோத்திக்குப்பம் வரை இழுத்து வந்தது அவருடைய பைபர் போட்டு.
மணலில் கிடக்கும்போது மட்டும் ஏறுவேன்.
மிதந்தால் எனக்குக் குடல் புரளும்.

பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன்.
வீட்டுக்கு இழுக்கும் ஒயர், அதுவும் ஒற்றைக் கம்பி.
முறுக்கிவிட்ட இடங்களில் மீன்செதிலோடு சேர்ந்து
பச்சை பூத்திருந்தது செம்பு.
உரித்தேன். ஒரு சாண். ஒரு முழம்.
உரிக்க உரிக்கக் கறுப்பு.
உப்புக்கு நுழைய ஊசிமுனை போதும்,
பிறகு கம்பி முழுக்க அதன் பெயரில் பட்டா.

பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில்
சிகரெட் அட்டையின் வெள்ளித்தாள்.
எட்டாக, அழகாக மடித்திருந்தார்கள்.
பக்கத்தில் டீசல் கேன்,
மூடிக்குப் பதில் பாலித்தீன்.

வெள்ளீயம் பூசிய ஒயரைப் புதுச்சேரி போய் வாங்கினேன்.
கிரிம்ப் அடித்து, குழாய் சுருக்கி,
சாணுக்கு ஒரு கட்டுப் போட்டு,
பேட்டரியை ஒட்டியே
பதினைந்து ஆம்பியர் பியூஸ்.
எரிஞ்சு போறதுக்குன்னே ஒரு சாமானா?
கோமளவல்லி கணக்கு நோட்டில்
என் பெயருக்கு நேரே கேள்விக்குறி போட்டார்.

ஆவணியில் ஒரு ராத்திரி, மணி இரண்டேகால்.
போனில் காற்று, அதற்குள் தேசிங்கு:
ஜிபிஎஸ் செத்துப்போச்சு, லைட்டு செத்துப்போச்சு,
வலை பாதி தண்ணியில கெடக்கு,
உன் பியூசு போயிடுச்சுடா.
அடுத்துச் சொன்னது எழுத்தில் நிற்காது.
கருகல் வாடை வருதா என்றேன்.
வரல.
கறுப்பு ஒயரை முதல்ல கழட்டுங்க.
வெள்ளித்தாள் மட்டும் வைக்காதீங்க
என்பதற்குள் டவர் போய்விட்டது.

வெள்ளாப்பில் கரையில் நின்றேன்.
நாலு பேரும் என்னைப் பார்க்காமல் இறங்கினார்கள்.
பியூஸ் கூட்டில் ஒன்றுமில்லை.
சிகரெட் அட்டை நனைந்துபோனதாம்.
அணியத்துக்குள் குனிந்து டார்ச் அடித்தேன்.
யாரோ மழைக்கோட்டு மாட்ட அடித்த ஆணி
இரண்டு ஒயரையும் ஒன்றாகத் தைத்திருந்தது.
ஆணியைச் சுற்றி மிளகளவு கருகல்.
அவ்வளவுதான்.

டீசல் கேன் அங்கேயே இருந்தது.
ஆணியில் கை வைத்து
தேசிங்கு முழம் போட்டார்.
முக்கால்கூட வரவில்லை.
மறுபடியும் போட்டுப் பார்த்தார்.
பீடியைப் பற்ற வைக்காமலே காதில் செருகிக்கொண்டார்.

அன்றைக்குப் போன மீன் ஒன்பதாயிரம்.
அதில் பாதியை என் கூலியில் கழித்தார் கோமளவல்லி.
மூன்றாம் நாள் கடைக்கு ஒரு பை வந்தது.
இரண்டு கிலோ கவலை, மேலே ஈரமாக ஒரு சீட்டு,
அவர் கையெழுத்துத்தான்:
பியூசு பத்து அனுப்பவும்.
இந்த வாட்டி முப்பது ஆம்பியர் போடு,
அடிக்கடி போகாது.

பத்து அனுப்பினேன்.
பதினைந்துதான்.