இரண்டு விரல் தள்ளி

தொரப்பாடிச் சிறையில் பெண்கள் பிரிவுக்கு
வருகிற புத்தகங்களை முதலில் படிப்பவள் நான்.
சம்பளத்துக்குப் படிக்கிறேன்.
தையலைப் பிரித்துப் பார்ப்பேன், பிளேடு இருக்கிறதா என்று.
பிறகு வரிகளைப் பார்ப்பேன், அதே காரணத்துக்காக.

இது லாங்கு பஜார் பழைய பேப்பர் கடையில்
எடைக்கு வாங்கியதாம்.
ராணிப்பேட்டை தோல் ஷெட்டில் வேலை பார்க்கும் தம்பி
அக்கா நவநீதத்துக்குக் கொண்டுவந்தது.
மேலட்டை இல்லை. உள்ளே எழுதியவள் பெயர்:
மெய்யெழுத்துகளே வரிசை கட்டி நிற்கின்றன,
பக்கத்தில் உயிர் எதுவும் காணோம்.
நாலு தரம் முயன்றுவிட்டு
அந்தம்மா என்று வைத்துக்கொண்டேன்.

போலந்துக்காரி, என்கிறது முன்னுரை.
அவள் பிறந்தபோது வரைபடத்தில்
போலந்து என்று ஒன்றும் இல்லை.
மூன்று அரசுகள் பாகப்பிரிவினை செய்து
வேலியும் போட்டு முடித்திருந்தன.
பாஷை மட்டும், பத்திரம் பதியாத சொத்தாக,
வீட்டுக்குள் புழங்கிக்கொண்டிருந்தது.
அண்ணன் கலகத்துக்குப் போனான்.
விலங்கோடு சைபீரியாவுக்கு நடந்தான்.
இவள் வார்சாவில் ஒரு வாடகை அறையில்
பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதினாள்,
வரிக்கு இவ்வளவு என்று காசு.
அதனால்தான் வர்ணனை நீளம் என்று
மொழிபெயர்த்தவர் வருத்தப்படுகிறார்.
எனக்கு அது பிடித்துப்போயிற்று.

மே மாதம். ஃபேன் சுற்றியது, காற்று வரவில்லை.
பனி பெய்கிற பக்கங்கள்
முழங்கையில் ஒட்டிக்கொண்டன.

கதை ஒரு கையுறைக் கடைக்காரியைப் பற்றியது.
புருஷன் போன இடத்தின் பெயர்
கதையில் எங்கேயும் கிடையாது.
தூரத்தில் வியாபாரம், என்கிறாள் கேட்பவர்களிடம்.
அங்கே குளிர் அதிகம், என்கிறாள்.
அவன் செத்துப்போனதாகத் தாக்கீது வந்த மறுநாள்
பேரேட்டை எடுத்து அவன் பேரில் எழுதுகிறாள்:
மெழுகுவத்தி இரண்டு. பாக்கி.
அடுத்த மாதம்,
கம்பளி ஒன்று, தேயிலை கால் ராத்தல். பாக்கி.
செத்தவனுக்கு யார் கடன் கொடுப்பார்கள்?
கணக்கு ஏறுகிறவரை ஆள் இருக்கிறான்.
எங்கள் குடியாத்தம் வட்டிக்காரர்களைக் கேட்டால்
செத்தாலும் ஏறும் என்பார்கள்.
சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.

பக்கம் இருநூற்றுப் பதினொன்றில்
நாலு வரி முழுக்கப் புள்ளி.
அடிக்குறிப்பு: ஜாரின் தணிக்கையாளர் வெட்டிய இடம்,
கைப்பிரதி எரிந்துவிட்டது.

அப்படியென்றால் அந்த நாலு வரியை
எழுதியவள் போக, படித்த ஆள்
உலகத்தில் ஒருத்தன்தான்.
சிவப்பு மையும் மூக்குக்கண்ணாடியும்
பென்ஷன் நினைப்புமாக என்னைப் போல ஒருத்தன்.
சாயங்காலம் வீட்டுக்குப் போயிருப்பான்.
அவனுக்கு எதிரே அவையும்
சாப்பிட உட்கார்ந்திருக்கும்.
சாகும்போது யாரிடமாவது சொன்னானா?

போன வருஷம் ஒரு கடிதத்தில் நான் அடித்தது:
'புள்ள செத்த சேதி வந்தன்னிக்கு
இங்க கேசரி போட்டாங்க. தின்னேன்.
இனிப்பாத்தான் இருந்துச்சு.'
சாப்பாட்டைப் பற்றி எழுதக் கூடாதென்று
அப்போது ஒரு சுற்றறிக்கை.
கறுப்பு மை, இரண்டு தடவை.
அவள் விடுதலையாகிப் போய்விட்டாள்,
ஆரணிப் பக்கம் என்றார்கள்.
புருஷனுக்கு அந்த வரி போய்ச் சேரவில்லை.
என்னிடம்தான் இருக்கிறது.
பாக்கி.

பென்சிலை எடுத்துப் புள்ளிகள்மேல் கொண்டுபோனேன்.
எழுதவில்லை.
ஆட்சேபம் இல்லை என்று படிவத்தை நிரப்பினேன்.
முதல் பக்கத்தில் ஒரு முத்திரை, கடைசியில் ஒன்று,
நடுவில் எங்காவது ஒன்று என்பது வழக்கம்.
நடுவில் புத்தகம் தானாகவே அங்கே திறந்துகொண்டது.
இரண்டு விரல் தள்ளி வைத்தேன்.

நவநீதம் கையெழுத்துப் போட்டு வாங்கினாள்.
மூக்கு நுனியில் வியர்வை.
'கதை எப்படி மேடம்?'

'அங்க குளிர் அதிகம்,' என்றேன்.