ஆனால்

தீயணைப்பு வண்டியை வெளியே வெயிலில் நிறுத்திவிட்டு
உள்ளே நான்கு மேசை போட்டிருக்கிறோம்.
ஆகஸ்ட், முதல் செவ்வாய். கான்சஸின் மேற்கு ஓரம்.
இன்று உட்கட்சித் தேர்தல்.
இந்தப் பக்கம் நவம்பர் வெறும் சம்பிரதாயம்;
ஆகஸ்டில் ஜெயிப்பவன்தான் ஆள்வான்.
பட்டியலில் இரண்டாயிரத்து நூற்று நாற்பது பெயர்.
என் முன்னால் ‘வாக்களித்தேன்’ ஒட்டுவில்லைகள்,
சுருளுக்கு ஆயிரம், இரண்டு சுருள்.
இரண்டாவதைப் பிரிக்க வேண்டியிராது.

முதலில் வருகிறவர்கள் எப்போதும் வருகிறவர்கள்.
கட்டுச்சோறு போலக் கோபத்தைக் கட்டிக்கொண்டு
கதவு திறக்குமுன்பே நிற்பார்கள்.
ராஸ்கோ பெண்டர், எட்டுக் கிணற்றுக்குச் சொந்தக்காரர்.
அவர் மைத்துனி. மைத்துனியின் தேவாலயக் கூட்டம்.
தாளின் மறுபக்கம் புடைக்கிற அளவுக்குப்
பேனாவை அழுத்தி வட்டத்தை நிரப்புகிறார்கள்.

பதினோரு மணிக்கு ஆர்லன் ஸ்டூக்கி வந்தார்.
மாட்டு வைத்தியர். வேட்பாளர்.
சட்டைக் கையில் அயோடின் கறை.

மார்ச்சில் இதே கட்டடத்தில் அவர் பேசினார்:
“தண்ணீர் உங்களுடையது. ஆனால்
உங்கள் வேலி அத்தனை ஆழம் போவதில்லை.”
பதினாறு பேர் இருந்தோம். யாரும் கைதட்டவில்லை.
ஏப்ரலில் அந்த ‘ஆனால்’
இரண்டு இருமலுக்கு நடுவே வந்து போயிற்று.
ஜூனில் வேலியைக் காணோம்.
ஜூலை நான்காம் தேதி, டிராக்டர் மேல் நின்று
“தண்ணீர் உங்களுடையது” என்றார்.
முற்றுப்புள்ளி.
ஊர்வலக் குதிரைகள் கைதட்டலில் மிரண்டன.

குறை சொல்ல வாய் வரவில்லை எனக்கு.
வருகிறவன் காதுக்குத்தானே பேச்சு?
‘ஆனால்’ என்றால் காது கொடுக்கிற ஆட்கள்
ஊரில் இல்லாமலில்லை.
ஒக்டாவியோ ரென்டெரியா இறைச்சி ஆலையில்
இரண்டு ஷிப்டைச் சேர்த்து நிற்கிறான்.
தானியக் கிடங்கு டார்லா, யார் வந்தால் என்ன என்பாள்,
அதையும் கோபமில்லாமல் சொல்வாள்.
லோவன் வீட்டில் நேற்றிரவு கன்று குறுக்கே கிடந்தது;
விடியற்காலை நான்கு மணிக்குக் கைவிட்டு இழுத்தவர்
ஸ்டூக்கியேதான்.
கன்று பிழைத்தது. லோவன் தூங்கிவிட்டார்.

வராதவர்கள் கெட்டவர்கள் அல்ல.
அவர்களுக்கு இருப்பது அரைக் கோபம்.
அரைக் கோபத்துக்குச்
செவ்வாய்க்கிழமை வெயிலில் வண்டியெடுக்க வலு இல்லை.

“எத்தனை பேர்?” என்றார் ஸ்டூக்கி, குரலைத் தாழ்த்தி.
“நூற்று எழுபத்தொன்று.”
யார் யார் என்று அவர் கேட்கவில்லை.
ஒட்டுவில்லையை வாங்கிக் கறையின் மேல் ஒட்டிக்கொண்டார்.

மூன்றிலிருந்து ஐந்துவரை ஈ காக்கை இல்லை.
மேசை விசிறி மட்டும் இடமும் வலமும் திரும்பியது,
ஒவ்வொரு தடவையும் நடுவைக் கடந்து,
ஒரு தடவையும் அங்கே நிற்காமல்.

ஏழு மணி. கதவை அடைத்தோம்.
மொத்தம் முன்னூற்று எண்பத்தெட்டு.
பதினான்கு ஓட்டில் ஸ்டூக்கி.
பெண்டர் நிறுத்திய ஆள் தோற்றார்.
பெண்டரின் பேச்சு ஜெயித்தது,
ஸ்டூக்கியின் வாயில் இருந்து.

பட்டியலை மூடும்போது என் பெயர் கண்ணில் பட்டது.
எதிரே கட்டம் வெள்ளை.
கட்சியின் பெயரை எழுதித் தர வேண்டும் என்பதால்
இருபத்திரண்டு வருஷமாக
இந்த ஒரு தேர்தலில் மட்டும் நான் ஓட்டுப் போட்டதில்லை.
அதற்கு நான் வைத்த பெயர், கை சுத்தம்.
மார்ச்சில் அந்த வேலி வரி எனக்குப் பிடித்திருந்தது.
பிடித்திருந்தது என்று
மடியிலேயே கிடந்த இரண்டு கைகளுக்கும் தெரியும்.

மிச்சம் அறுநூற்றுப் பன்னிரண்டு ஒட்டுவில்லை,
கூடவே பிரிக்காத ஒரு சுருள்.
பெட்டியில் போட்டு, கையெழுத்திட்டு, வீட்டுக்குக் கிளம்பினேன்.
சாலையின் இரு பக்கமும் இருட்டில் பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன.
பெண்டரின் மூன்றாம் கிணற்றருகே
ஜன்னலை இறக்கினேன்.
நடுநடுவே அது
வெறும் காற்றை இழுத்தது.