கமம் பேர்

சுகுணதாசன் அண்ணை சூட்கேஸைத் திறந்தார்.
சென்ற் போத்தல்களுக்கும் சொக்லேற்றுக்கும் நடுவில்
வட்டமாய் ஒரு மரப்பெட்டி.
கட்டுநாயக்காவிலிருந்து இரவு பஸ்ஸில்
பக்கத்து சீற்காரர் தன் சப்பாத்தையே
சந்தேகித்தபடி வந்தாராம்.

"கமொம்பேர்" என்றார்.
"கமம் பேரோ? ஆற்றை கமம்?" என்றேன்.

வெள்ளைத் தோல். பிஞ்சுப் பூஞ்சணம்.
பின்னேரமே கரண்ட் போய்விட்ட வீடு;
கத்தி பட்டதும் அது
பீங்கானில் மெல்ல நடக்கத் தொடங்கியது.
துவாரகி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.
இவரோ, "கருவாடும் இப்பிடித்தானே" என்று
பாணில் பூசி
மேலே இடிச்ச மிளகாய்த்தூளும் தூவினார்.

"அது ஒரு ஊரின்ரை பேர்.
போய்ப் பாத்தனான். ஒரு தேவாலயம், கொஞ்ச வீடு,
மிச்சமெல்லாம் மாடும் புல்லும் மழையும்.
எங்கடையிலும் சின்னன்."

நான் கிராம அலுவலர்.
முத்திரை கண்டால் வாசிக்காமல் விடமாட்டேன்.
மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்:
எந்த மண், எந்தப் பால்,
இன்ன இடத்தது என்று
ஒரு அரசாங்கமே பொறுப்பு நிற்கிறது,
அரை றாத்தலுக்கும் சற்றுக் கூடின ஒரு பாற்கட்டிக்கு.

தொண்ணூற்றாறில்
அண்ணையை ஒரு மேசைக்கு முன்னால் இருத்தி
ஊரைக் கேட்டார்கள்.
வறுத்தலைவிளான்.
மொழிபெயர்ப்பாளர் மூன்றுதரம் கேட்டார்.
தட்டச்சில் இருந்தவள் பாதியில் கைவிட்டாள்.
எத்தனை கிணறு?
கோயில் வாசல் எந்தத் திசை?
முகாமுக்கு எத்தனை மீற்றர்?
எல்லாம் சொன்னார். நம்பவில்லை.
எழுதித்தர அன்று ஊரில் ஆளில்லை.
ஊரே
ஊரில் இல்லை.

அதை அண்ணை இப்போது சொல்லவில்லை.
விரலில் ஒட்டியதை நக்கிக்கொண்டு
"உள்ளுக்கை இளகினால்தான் பதம்" என்றார்.

திங்கள் காலை கந்தோரில் வழமைபோல வரிசை.
'மேற்படி நபர் எனது பிரிவில்
நிரந்தரமாக வசிப்பவரென உறுதிப்படுத்துகிறேன்.'
எங்கள் காணி இன்னும் கம்பிவேலிக்கு அங்காலை,
நான் இருப்பதோ வாடகை வீட்டில்.
என்னை உறுதிப்படுத்த
பக்கத்துப் பிரிவு அலுவலரிடம் போகவேண்டும்.

வெறும் பெட்டியை எறிய மனம் வரவில்லை.
முத்திரை மை வைக்க அளவாய் இருக்கிறது.

"மிஸ், எங்கையோ எலி செத்துக் கிடக்குது போல"
என்கிறார் முன்னால் நிற்பவர்.
"இல்லை, ஐயா.
உங்கடை ஊரின்ரை பேரை வடிவாய்ச் சொல்லுங்கோ."