லைன் கிளியர்

படிவம் வந்திருக்கிறது,
இஷ்பெல் போன ஆறாவது வாரம்,
தபால்தலை ஒட்டிய பதில் உறையோடு.
பராமரிப்பின் தரம்:
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடவும்.

சூப்புக்கு ஐந்து.
ஜன்னலுக்கும் ஐந்து, அதில் வடகடல் தெரிந்தது,
மூடுபனி விலகிய இரண்டு நாள்.
ஃபின்லே என்றொரு பையன்,
கழுத்தில் பாம்பு பச்சை குத்தியவன்,
தன் முழங்கையில் சூடு பார்த்துவிட்டுத்தான்
அவள் தலையில் தண்ணீர் ஊற்றினான்.
அவனுக்கு உங்கள் ஐந்து போதாது.

பன்னிரண்டு கட்டில்.
நாங்கள் வந்த வாரம் இரவுக்கு மூன்று நர்ஸ்.
டிசம்பரில் இரண்டு.
தாழ்வாரத்து வெள்ளைப் பலகையில் மூன்றாவது பெயர் இருந்த இடத்தில்
யாரோ எழுதியிருந்தார்கள்:
"ஏஜென்சி, வந்தால்."

வந்தால்.
நாற்பது வருஷம் கால அட்டவணையோடு குடித்தனம் நடத்தியவன்,
அந்தச் சொல்லை
ஒரு அட்டவணையிலும் நான் பார்த்ததில்லை.

பதினேழாம் தேதி, பின்னிரவு இரண்டு பத்து.
வலி என்று எழுதினால் உங்களுக்குப் புரியாது.
பல் டாக்டரின் வரவேற்பறையில் முப்பது வருஷம்
சிரித்தபடி உட்கார்ந்திருந்தவள்
கட்டில் கம்பியைக் கடித்தாள்.

மணி அடித்தேன். ருவிம்போ ஓடி வந்தாள்.
அலமாரிச் சாவி அவளிடம் இருந்தது.
மார்ஃபின் இருந்தது. ஊசி இருந்தது.
கையெழுத்துதான் ஒன்று குறைந்தது.
அந்த இன்னொரு கையெழுத்து
மாடியில், எட்டாம் அறையில்,
சாகிற ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.
அதை எப்படி விடுவிப்பது?

விதியைக் குறை சொல்ல மாட்டேன்,
இதைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.
சிக்னல் கூண்டில் வேலை பார்த்தவன் நான்.
வண்டி வெளியே நின்று கத்தும்.
அடுத்த கூண்டுக்கு மணி தட்டிக் கேட்பேன்,
லைன் கிளியரா?
அங்கிருந்து மணி திரும்பி வரும்வரை
கைகாட்டியைத் தொட மாட்டேன்,
உள்ளே ராணியே உட்கார்ந்திருந்தாலும் சரி.
ஒரு கை தூங்கினால் இன்னொரு கை விழித்திருக்கட்டும் என்று
ஏதோ ஒரு விபத்தின் பிணங்களை எண்ணி முடித்த பிறகு
எவரோ வைத்த விதி அது.

ஆனால் அடுத்த கூண்டில் ஆள் இருந்தான்!
டகி மெக்ஃபீ. குடிகாரன்.
எனக்கு இன்னும் எழுபது பவுண்டு தரவேண்டும்.
ஒரு நாள்கூடப் பதில் மணி தவறவிட்டதில்லை.
கூண்டைக் காலியாக விட்டுவிட்டு
விதிப் புத்தகத்துக்கு மட்டும் அட்டை போட்டுப் பாதுகாத்த ரயில்வே
எந்த ஊரிலாவது உண்டா?

நாற்பத்தோரு நிமிஷம்.
கதவுக்கு மேலே வேறு இரண்டு அறைகளின் விளக்குகள் எரிந்தன.
ருவிம்போ பார்த்தாள். அவள் பார்த்ததை நானும் பார்த்தேன்.
துண்டைச் சுருட்டிக் கம்பிக்கும் பல்லுக்கும் நடுவே வைத்துவிட்டு
ஓடினாள், வந்தாள், ஓடினாள்.

கடைசியில் மோரேக் இறங்கி வந்தாள்.
பேனா எழுதவில்லை.
உள்ளங்கையில் நாலு கீறு கீறி உயிர்கொடுத்துக் கையெழுத்திட்டாள்.
மூன்று மணிக்கு இஷ்பெலின் தாடை தளர்ந்தது.
எனக்கு மட்டும் இன்னும் இல்லை.

வெளியே, துணி வண்டியின் விளிம்பில்,
இஷ்பெல் தொடாத ரொட்டியைத் தின்றபடி ருவிம்போ கேட்டாள்,
புகார் எழுதுவீர்களா?
உன்மேல் இல்லை, என்றேன்.
"என் பெயரையும் போடுங்கள்.
பெயர் இருந்தால்தான் படிக்கிறார்கள்."

போட்டுவிட்டேன்.
ஊழியரின் கனிவு என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறீர்கள்,
ஊழியரின் எண்ணிக்கைக்குக் கட்டமில்லை.
ஆகவே ஓரத்தில்,
கூண்டுப் பதிவேட்டில் எழுதும் அதே சிறிய எழுத்தில்:

2.10 மணி கொடுத்தது.
2.51 பதில் வந்தது.
இடையில் லைனில் என் மனைவி.

கீழே கையெழுத்திட்டிருக்கிறேன். ஒன்று.
பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.
உங்களுடையது வரட்டும்.