நான்காவது கடிதம்

நகராட்சிக்கு மூன்று புகார் எழுதினேன்.
மூன்றாவதில் கையெழுத்து கொஞ்சம் கோணல்;
அன்றைக்கு விடிய விடியக் குரைத்திருந்தன.
வேலிக்கு அந்தப் பக்கம் நாற்பத்தொரு நாய்கள்.
இந்தப் பக்கம் நான்,
முப்பது வருஷம் படகு எஞ்சின்களோடு கழித்தும்
கெடாமல் மிஞ்சிய இரண்டு காதுகளோடு.

சிலோயே தீவில் ஜூலை என்றால் மழை.
மேலிருந்து விழுவது பாதி,
கடலிலிருந்து படுக்கைவாட்டில் வருவது மீதி.
அந்த வியாழன் இரவு காற்று
காப்பகத்தின் தகரக் கூரையைப்
பக்கம் பக்கமாகப் புரட்டியது.
ஒரு தகரம் என் உருளைக்கிழங்குப் பாத்தியில் வந்து
குத்திட்டு நின்றது.
நான் எழுந்து போகவில்லை.
போர்வையை இழுத்துக்கொண்டேன்.
மறைத்து என்ன ஆகப் போகிறது.

இரண்டு மணி வாக்கில்
குரைப்பு நின்றது.

காற்று நிற்கவில்லை.
பத்து வருஷமாய் நான் கேட்டுக்கொண்டிருந்த அமைதி
கட்டில் ஓரம் வந்து உட்கார்ந்தது.
அதோடு பேச என்னிடம் ஒன்றுமில்லை.
கொட்டக் கொட்ட விழித்திருந்தேன்.

விடிந்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனேன்.
கூண்டுகள் எல்லாம் திறந்து கிடந்தன.
நடுவில் எதெல்மிரா, கவிழ்த்த வாளியின் மேல்,
மடியில் நனைந்த நோட்டு.
"எல்லாம் செத்துப் போச்சா?"
என் குரல் எனக்கே அந்நியமாய் இருந்தது.
அவள் நோட்டை என் பக்கம் திருப்பினாள்.

கசாப்புக்கடை உல்யோவா வீட்டுக்கு இரண்டு;
எலும்பு கொண்டுவருபவன், இதுவரை வாசலோடு சரி.
சால்மன் ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்த பெண்கள்
பேருந்தை நிறுத்தி இறங்கி
ஆளுக்கொன்றாய்த் தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.
பால்தோமேரோ டிக்கெட் கேட்கவில்லை;
"இந்த வாடை போக வசந்தம் வரணும்" என்று மட்டும்
சொல்லிவிட்டு வண்டியை எடுத்தானாம்.
பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி அறையில் ஒன்பது.
மரக்கோவிலில், பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள்,
அப்போதுதான் குட்டி போட்ட ஒன்று.
பாதிரியார் இந்த ஞாயிறு
பாவங்களை நின்றுகொண்டே கேட்பார்.
நாய் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய வீட்டுக்காரி
குடித்தனக்காரனின் கதவைத் தட்டி,
மாடிப்படிக்குக் கீழே இடம் இருக்கு என்றாளாம்.

யாரும் கூட்டம் போடவில்லை.
ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது,
பிறகு அடுத்த வீட்டில்.
என் வீட்டில் எரியாததை
எதெல்மிரா நோட்டில் எழுதவில்லை.

கூட்டிப் பார்த்தேன்.
நாற்பது.
"இன்னொன்று?"

வாளிக்குப் பின்னால் கைகாட்டினாள்.
ஒரு கண் வெள்ளை, பின்னங்கால் இழுவை,
ஆளைக் கண்டால் பல்.
"இதை யார்கிட்டயும் கொடுக்க முடியாது. கடிக்கும்.
ராத்திரி குரைக்கிறதும் முக்கால்வாசி இதுதான்."

அப்படியா, என்றேன்.
பெயர் தெரியாமலே
இவனைப் பற்றி மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன்.

கடித்தான். இடது கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது.
அடுப்போரம் படுத்தான். குரைத்தான்.
அடுத்த அறையிலிருந்து வரும் குரைப்பு
வேலிக்கு அப்பாலிருந்து வருவதைவிடச் சின்னது.
எஞ்சின் ஆள் நான், இதற்கு விளக்கம் தெரியாது.
அந்த வாரம் முழுக்க
மலைச்சரிவில் அங்கொன்று இங்கொன்றாய்க் குரைத்து
யார் எந்த வீட்டில் என்று
ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன.
இவனும் பதில் சொன்னான், பெரும்பாலும் மூன்று மணிக்கு.

சனிக்கிழமை கூரை போட்டோம்.
ஆணி உல்யோவாவின் மைத்துனன் கொடுத்தது,
ஓரம் இழுத்துக் கட்டப் பழைய மீன்வலை,
பாத்தியிலிருந்து பிடுங்கிய தகரம்,
என் ஏணி.
எதெல்மிரா "ஏணி, இரவல்" என்று எழுதினாள்.
இரவல் என்பதை அடிக்கச் சொன்னேன்.
கூரை நிற்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றாள்.
பதினொரு நாய்கள் திரும்பி வரவில்லை,
போன வீடுகளிலேயே தங்கிவிட்டன.

நேற்று நான்காவது கடிதம் எழுதினேன்:
காப்பகத்தின் தண்ணீர்க் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று.
கையெழுத்து நேராகத்தான் விழுந்தது.
எழுத்தர் என் பெயரைப் பார்த்ததும்
பிரிக்காமலே புகார்க் கோப்பில் செருகிவிட்டாராம்.

நாளை நேரில் போகிறேன்.
இவனையும் கூட்டிக்கொண்டு.