ஆறாவது பொட்டு

தார்த்துவில் ஜனவரி.
காலை எட்டரைக்கும் ஜன்னலில் இருட்டு.
ஆட்டோகிளேவின் கதவைத் திறக்கிறேன்,
ரொட்டிக்கடை வாசனை முகத்தில் அடிக்கிறது.
பதினேழு வருடமாக ஈஸ்டுகளுக்குச் சமைக்கிறேன்.
லிட்டருக்கு இருபது கிராம் சர்க்கரை,
இருபது பெப்டோன், பத்து ஈஸ்ட் சாறு.
அதற்கு அதையே வடித்து ஊட்டுகிறோம்,
முகம் சுளிக்காமல் தின்கிறது.

லீவி ஒருநாள்
கையுறையைக்கூடக் கழற்றவிடாமல்
நுண்ணோக்கிக்கு இழுத்துப்போனாள்.
பார் ஜினைடா, நீ சமைத்ததைத் தின்றுவிட்டு
பிரிய மறுக்கிற கூட்டம்.

அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு:
ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு காவல் உண்டு.
பெயர் சிக்.
சிக்கு விழுந்த நூல்போல
இன்ன உருவம் என்றில்லாத புரதம்.
இழையை இரட்டிக்கச் சொல்லும் கையைக்
கட்டிப் பிடித்துக்கொண்டு
இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்கிறது.

செல் பருக்கப் பருக்க
சைக்ளின்கள் வந்து சேரும்.
சிக்கின் மேல் ஒரு பாஸ்பேட் பொட்டு.
அசையாது.
இரண்டு. மூன்று.
அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகருமே என்றேன்.
ஐந்து வரைக்கும் அந்த அம்மி நகராது என்றாள்.
பாதியில் கை நழுவிய கைதிகளும்
திரும்பி வந்து பொட்டு வைக்குமாம்,
தங்களைப் பிடித்தவன் மேலேயே.
ஆறாவது விழுந்ததும்
குப்பை அள்ளும் புரதத்துக்கு அடையாளம் தெரிகிறது.
அப்புறம் காவலே கிடையாது.
அரைத்து முடித்தாயிற்று.

ஏன் ஆறு? ஒன்று போதாதா?

ஒன்று கைதவறியும் விழும், என்றாள் லீவி.
ஆறு தடவை யாருக்கும் கைதவறாது.

இந்தக் கூட்டத்தில் அவள்
பொட்டு வைக்கும் இடங்களையே அழித்துவிட்டாள்.
சைக்ளின்கள் வருகின்றன, தடவுகின்றன,
வைக்க நெற்றியில்லை.
செல்லோ ஒரு மொட்டு விடுகிறது,
நீளமாக, விரல்போல.
இன்னொன்று. பிறகு மூன்றாவது.
உள்ளே இழை ஒற்றையாகவே கிடக்கிறது.
அறை மேல் அறையாகக் கட்டிக்கொண்டே போகிறது வீடு,
குடிபோக ஆளில்லை.

வெகுநேரம் பார்த்தேன்.
ரய்வோ வந்து இருக்கை கேட்டான், தரவில்லை.

என் கைப்பையில் சாம்பல் நிறப் பாஸ்போர்ட்.
நார்வாவில் பிறந்தேன், இங்கேயே ஐம்பத்திரண்டு வயதானேன்,
அது என்னை இன்னும் அயலாள் என்கிறது.
விண்ணப்பத்தை நான்கு முறை நிரப்பினேன்.
ஒருமுறை மொழித் தேர்வு நாளில் காய்ச்சல்.
ஒருமுறை அம்மா இறந்தாள்.
மற்ற இரண்டுக்கும் காரணம் சொல்ல மாட்டேன்.

லீவிக்கு இது தெரியும்.
அவள் உதடு ஏதோ சொல்லப் பிரிந்தது.
வேண்டாம் என்றேன்.
செல்லுக்கு வரிசை எண் இல்லை,
மதிய உணவுக்கு மூடும் ஜன்னல் இல்லை,
என்னை அதோடு சேர்க்காதே.
அவள் சிரித்தாள். நானும்தான்.

மாலையில் அந்தத் தட்டுகள் என்னிடமே வந்தன.
ஆராய்ந்து முடித்ததை
அவித்துக் கொட்டுவதும் என் வேலை.
மூடியில் லீவியின் கையெழுத்து: பொட்டில்லாதவை.
நூற்று இருபத்தொரு டிகிரி, இருபது நிமிடம்.
பொத்தானில் விரல் வைத்தபடி நின்றேன்.
எஸ்தோனிய மொழியில் இன்னும் இல்லை என்பதற்கு
வேல் மித்தெ.
தேர்வில் கேட்கவே மாட்டார்கள்,
எனக்கு மிக நன்றாக வருகிற வார்த்தை அது.

அழுத்தினேன்.
நீராவி ஏறத் தொடங்கியதும்
நாளைக்கு வேண்டிய சர்க்கரையை
நிறுக்கப் போனேன்.